புதுப் பாலம் வரும்போது படகுக்கு எவ்வளவு உயரம் கேட்பது?

நாகப்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டை வரை கடலை ஒட்டிய ஊர்களில், பழைய பாலத்தை இடித்துப் புதிது கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் முதலில் எழும் கேள்வி, "பஸ் இனிமேல் எந்த வழியா சுத்திப் போகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாலத்துக்கு உள்ளே, ஆற்றின் மேல்பக்கம் படகைக் கட்டிப் போடுகிற ஊராக இருந்தால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. புதுப் பாலத்தின் அடியில் நம் படகு போகுமா? ஐப்பசியிலும் போகுமா, இருட்டிலும் போகுமா? பாலத்தை 100 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கிறார்கள். இன்று கேட்காமல் விட்ட அரை மீட்டரை அப்புறம் யாராலும் கேட்டு வாங்க முடியாது.

அதனால் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசும்போது முன்னால் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். எது நடக்கும், எது நடக்காது, எது கேட்க நன்றாக இருந்தும் பயன் தராது என்று என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

யார் கணக்கிலும் வராத படகு

பாலத்தின் மேல் எத்தனை வண்டி போகும் என்று நெடுஞ்சாலைத் துறை எண்ணுகிறது. எவ்வளவு வெள்ளம் வரும் என்று நீர்வளத் துறை சொல்கிறது. பாலத்தின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த வெள்ளக் கணக்கிலிருந்து வருகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) பாலங்களுக்கான விதிநூலான ஐ.ஆர்.சி. 5-இல் அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. நொடிக்கு 30 முதல் 300 கன மீட்டர் வரை தண்ணீர் போகும் ஆறு என்றால் உச்ச வெள்ளமட்டத்துக்கு மேல் 0.9 மீட்டர் விட வேண்டும். 300 முதல் 3000 வரை என்றால் 1.2 மீட்டர். அதற்கும் மேல் என்றால் 1.5 மீட்டர். வெள்ளத்தில் அடித்து வரும் மரமும் ஆகாயத்தாமரையும் பாலத்தில் முட்டி நிற்காமல் போவதற்கான இடைவெளி அது. அதை வைத்தவர்கள் மனதில் படகு இல்லை.

படகுக்கான கணக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. உள்நாட்டு நீர்வழிகளை வகைப்படுத்தும் விதிமுறையில், ஆகச் சிறிய முதல் வகைக்கே பாலத்தின் அடியில் 4 மீட்டர் உயரம் வேண்டும். 2016-இல் வந்த தேசிய நீர்வழிகள் சட்டம் நாடு முழுக்க 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. காவிரி–கொள்ளிடம் அதில் 55-வது. அப்படிப் பட்டியலில் உள்ள தடத்தில் பாலம் கட்ட வேண்டுமென்றால் உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத கிளையாறுகளிலும் வடிகால்களிலும் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அங்கே படகு ஓடுகிறது என்பதே ஊர் எழுதிக் கொடுத்தால்தான் வரைபடம் போடுகிறவருக்குத் தெரியும்.

இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். வேதாரண்யம் கால்வாயை 1860-களில் வெட்டியதே படகுக்காகத்தான். வேதாரண்யத்து உப்பு அதன் வழியே நாகப்பட்டினத்துக்குப் போனது. ரயிலும் லாரியும் வந்தபின் அந்தப் போக்குவரத்து நின்றது. அதற்குப் பின் இந்தப் பக்கத்து நீர்வழிகள் பெரும்பாலானவை அரசாங்கத் தாள்களில் வெறும் வடிகாலாகிவிட்டன. தாளில் எப்படி இருந்தாலும், ஆற்றில் இன்னமும் ஃபைபர் படகு போய்வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏற்றத்தில் முட்டும், வற்றத்தில் தட்டும்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஆற்று வாய்ப் பக்கத்துப் பாலத்தின் தனிச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இது புரியாமல் எடுக்கிற எந்த முடிவும் தப்பாகத்தான் போகும்.

முகத்துவாரத்தை ஒட்டிய ஆற்றில் தண்ணீர் மட்டத்தைக் கடல்தான் தீர்மானிக்கிறது. ஏற்றத்தில், அதாவது கடல்நீர் ஏறி நிற்கும்போது, ஆழம் நன்றாக இருக்கும், இன்ஜின் சேற்றில் தட்டாது. ஆனால் பாலம் தலைக்கு மேல் வந்துவிடும். நீர் இறங்கும் வற்றத்தில் பாலத்தின் அடியில் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் மணல்திட்டு தலைகாட்டும், விசிறி தரையில் அடிக்கும். உயரமும் ஆழமும் சேர்ந்து கிடைக்கிற நேரம் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம்தான். மீனோ அந்த நேரம் பார்த்து வராது. நடு ராத்திரிக்குப் பிறகு வலை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் அந்தப் பொழுதில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் பாலத்தைக் கடக்க வேண்டும்.

நாகை கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரைத் தொடாது. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதோடு இன்னும் மூன்று சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் மட்டமே மாசி, பங்குனியைவிட ஏறி நிற்கும். அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை டெல்டா முழுவதையும் வடித்துக் கொண்டுவந்து ஆற்றில் விடும். கடலிலிருந்து காற்று கரையைப் பார்த்து அடித்தால் அந்தத் தண்ணீர் வெளியே போக முடியாமல் தேங்கும். இந்த மூன்றும் அமாவாசை ஏற்றமும் ஒரே நாளில் கூடினால், சித்திரையில் நின்றுகொண்டே கடந்த பாலத்தைப் படுத்துக்கொண்டு கடக்க வேண்டி வரும்.

அப்படிக் கடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். இன்ஜினைக் குறைத்து, கொடிக் கம்பத்தைப் பிடுங்கிக் கிடத்திவிட்டு, முன்னால் ஒருவர் மல்லாந்து படுத்து இரண்டு உள்ளங்கையையும் பாலத்தின் அடியில் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போவார். கான்கிரீட் உப்பில் பொரிந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தூண் முழுக்கச் சிப்பி. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் அது பிளேடு வரிசையாக ஒட்டியிருக்கும். படகின் பக்கவாட்டில் கையை வைத்திருந்தால் சதை போய்விடும், வலை உரசினால் கிழிந்துவிடும். அந்த நேரம் எதிரே இன்னொரு படகு வந்தால் யார் பின்வாங்குவது என்று சத்தம் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலத்துக்கு அளவெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேனிலில் வருவார்கள். அது அவர்கள் தப்பில்லை, ஆற்றில் இறங்கி வேலை பார்க்கத் தோதான காலம் அதுதான். ஒரு கரையில் இப்படி ஒரு பேச்சு நடந்ததைக் கேட்டிருக்கிறேன். "சார், நீங்க சித்திரையில வந்து டேப்பு புடிக்கிறீங்க. ஐப்பசி அமாவாசைக்கு விடியக்காலம் வந்து பாருங்க, இந்தக் கல்லே தெரியாது" என்றார் ஊர்ப் பெரியவர். வந்திருந்த இளம் பொறியாளர் கோபப்படவில்லை. "அப்ப எதுவரைக்கும் ஏறும், நீங்களே காட்டுங்க ஐயா" என்றார். பெரியவர் தூணில் கைவைத்துக் காட்டிய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். புதுப் பாலத்துக்கான பேச்சில் மிகப் பயனுள்ள காரியம் அந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன்.

ஆற்றைத் தூர்வாரினால் போதாதா?

கூட்டத்தில் யாராவது கட்டாயம் இதைச் சொல்வார்கள். கேட்க எளிது, செலவு குறைவு, இயந்திரம் வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஏற்றம் எட்டுகிற இடத்தில் தூர்வாருவதால் பாலத்தின் அடியில் ஒரு விரல் உயரமும் கூடாது. பள்ளம் தோண்டினால் கடல்தண்ணீர் வந்து அதை நிரப்பிக்கொள்ளும். மேல்மட்டம் அப்படியேதான் இருக்கும். மழைக்கால வெள்ளம் கொஞ்சம் சீக்கிரம் வடியும், அது உண்மை.

ஆனாலும் தூர்வாருவதை ஒதுக்கிவிட வேண்டாம். அது வேறு வகையில் உதவுகிறது. வற்றத்தில் போதுமான ஆழம் கிடைத்தால், உயரம் இருக்கிற அந்த நேரத்தில் படகைக் கொண்டுபோகலாம். கடக்கக் கிடைக்கும் நேரம் நீளும். மனுவில் அதை அப்படித்தான் எழுத வேண்டும். "உயரத்துக்காகத் தூர்வாருங்கள்" என்று எழுதினால், தூர்வாரிவிட்டு உயரக் கோரிக்கை தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். இன்னொன்று, தூணைச் சுற்றித் தோண்டக்கூடாது. தூணின் அடியில் ஏற்கெனவே நீரோட்டம் மண்ணை அரித்திருக்கும். அங்கே இயந்திரத்தை விட்டால் பாலத்துக்கே ஆபத்து. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்ததை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பாலம் அப்படியே இருக்கட்டும், அடையாளம் மட்டும் வைப்போம்

புதுப் பாலத்துக்கு இன்னும் பணம் ஒதுக்காத ஊர்களுக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது இதுதான். செலவு குறைவு, ஆனால் உயிர்காக்கும் வேலை. பாலம் வந்தபின்னும் இது தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலாவது, தலைகீழ் அளவுகோல். சாதாரண அளவுகோலில் தண்ணீர் ஏற ஏற எண் கூடும். இதில் பாலத்தின் அடிமட்டத்தைச் சுழியம் என்று வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கித் தூணில் 0.5, 1, 1.5, 2 என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அப்போது பாலத்தின் அடியில் மிச்சம் இருக்கும் உயரம். கழித்தல் கூட்டல் எதுவும் வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். அடிமட்டம் என்று எதை எடுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கூட்டுக் குடிநீர்க் குழாயும் கேபிளும் பல பாலங்களில் பக்கவாட்டில், தளத்தைத் தாங்கும் கர்டருக்கும் (உத்தரத்துக்கும்) கீழே தொங்கும். ஆகத் தாழ்ந்த குழாயின் அடிதான் சுழியம். பாலத்துக்கு அருகே ஆற்றைக் குறுக்கே தாண்டும் மின்கம்பி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கண் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள திறப்பு) வழியாகப் போவது என்ற அடையாளம். இதற்கு நம் நாடு உட்பட உலகின் பெரும்பகுதியில் ஒரு வழக்கம் இருக்கிறது. போக வேண்டிய கண்ணின் நடுவே, மேலே, சிவப்பும் வெள்ளையும் நெடுக்குக் கோடாக உள்ள வட்டப் பலகை. கடலிலிருந்து வருகிறவருக்கு இடப்பக்கம் சிவப்புச் சதுரம், வலப்பக்கம் பச்சை முக்கோணம். ஒளியைத் திருப்பி அடிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினால் கரண்ட் இல்லாத இரவிலும் தெரியும். விளக்கு வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் பராமரிக்க ஆள் இல்லாத சோலார் விளக்கை நம்பி ஸ்டிக்கரை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, யாருக்கு முதல் வழி என்ற ஒப்பந்தம். நீரோட்டத்தோடு வருகிற படகை நிறுத்துவது கடினம், எதிர்த்து வருகிற படகு இருந்த இடத்திலேயே நிற்க முடியும். ஆகவே ஓட்டத்தோடு வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி முடிவெடுத்துவிட்டால் பாலத்தடியில் சண்டை வராது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம்போல ஆட்களை ஏற்றிப் போகும் படகு என்றால், பாலம் வரும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து, கையைப் படகுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். போட்டோ எடுக்க எழுந்து நிற்பவர்தான் அடிபடுவார்.

பாலமும் சட்ரஸும் (தண்ணீரை அடைத்துத் திறக்கும் மதகுப் பலகைகள்) சேர்ந்தே இருக்கும் இடங்கள் டெல்டாவில் நிறைய. அங்கே வழிகாட்டும் எந்த அடையாளமும் வைக்கக் கூடாது. பலகை திறந்திருக்கிறதே என்று படகை விடுவது உயிரோடு விளையாடுவது. கீழே விழும் தண்ணீர் சுழன்று திரும்பவும் பலகைப் பக்கமே இழுக்கும். அங்கே வைக்க வேண்டிய ஒரே பலகை, படகு போகக் கூடாது என்பதுதான்.

அடையாளத்தால் உயரம் அதிகமாகாது என்பது இந்த வழியின் எல்லை. கம்பத்தை மடக்கும்படி கீல் வைப்பது, ஆண்டெனாவைச் சாய்க்கும்படி பொருத்துவது போன்ற படகு வேலைகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் சமாளிக்கலாம். இவற்றைச் செய்த பின்னும் ஐப்பசியில் முட்டினால் அந்தப் பாலத்துக்கு வேறு பதில்தான் தேட வேண்டும்.

படகுத்துறையைப் பாலத்துக்கு வெளியே கொண்டுபோனால்?

விசைப்படகுகளுக்கு இதுவே சரி. வீல்ஹவுஸும் கம்பமும் உள்ள படகை உள்ளூர்ச் சாலைப் பாலத்தின் அடியில் கொண்டுபோக ஆசைப்படக் கூடாது. நாகப்பட்டினத்திலும் பழையாறிலும் மல்லிப்பட்டினத்திலும் துறைமுகம் இருப்பது அதற்காகத்தான்.

ஃபைபர் படகுக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. படகு கட்டும் இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சும்மா வசதிக்காக மட்டும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் படகை ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் கொண்டுவர முடியுமோ அவ்வளவு பிழைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வெளியே கிடந்த படகுகள் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். துறை வெளியே போய்விட்டாலும், புயலுக்கு முந்தின நாள் எல்லாப் படகும் அதே பாலத்தின் அடியில்தான் நுழைந்தாக வேண்டும், அதுவும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில். அதனால் துறையை மாற்றினாலும் பாலத்தின் உயரக் கேள்வி தீர்வதில்லை. அதோடு வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் வண்டி வைத்துக் கொண்டுபோகும் தினசரிச் செலவும் காவலும் சேரும்.

தூக்குப் பாலம்

பாம்பனைப் பார்த்த யாருக்கும் இந்த ஆசை வரும். 1914-இல் இருந்து அங்கே ரயில் பாலத்தின் நடுப்பகுதி திறந்து மூடிக் கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. பக்கத்திலேயே 1988-இல் வந்த சாலைப் பாலம் திறந்து மூடுவதில்லை. நடுவில் உயர்ந்து நின்று அடியில் வழிவிடுகிறது.

நம் ஆறுகளுக்குத் தூக்குப் பாலம் வேண்டாம் என்பது என் கருத்து. மோட்டாரும் இரும்பும் உப்புக்காற்றில் நிற்கத் தொடர்ந்த பராமரிப்பு வேண்டும். ராத்திரி 2 மணிக்கு இயக்க ஆள் வேண்டும். படகு அதிகம் உள்ளே வர வேண்டிய புயல் நாளில்தான் கரண்டை நிறுத்துவார்கள். பஸ், ஆம்புலன்ஸ் போகும் ஒரே பாலம் பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் ஊரே இரண்டாகிவிடும். பெரிய கப்பல் போகும் கால்வாய்க்குச் சரி, பத்திருபது ஃபைபர் படகு போகும் ஆற்றுக்கு இது பாரம்.

எவ்வளவு உயர்த்துவது?

மீதி இருப்பது உயர்த்துவதுதான். ஆனால் "பாலத்தை நல்ல உயரமாகக் கட்டுங்கள்" என்று கேட்பது பாதி மனு. எவ்வளவு என்று எண் இல்லாவிட்டால் பதில், "விதிப்படி கட்டப்படும்" என்றுதான் வரும்.

நீர்வழி விதியில் உள்ள 4 மீட்டரைக் கேட்கலாமா? சமவெளிச் சாலையின் சரிவு 30-க்கு 1 என்பது வழக்கம். அதாவது பாலம் ஒரு மீட்டர் உயர்ந்தால் இரண்டு பக்கமும் அணுகுசாலை தலா 30 மீட்டர் நீள வேண்டும். அட்டவணைப்படி 0.9 மீட்டர் வரவேண்டிய இடத்தில் வெள்ளமட்டத்துக்கு மேல் 4 மீட்டர் என்றால் 3.1 மீட்டர் கூடுதல். இரண்டு பக்கமும் தலா சுமார் 93 மீட்டர். டெல்டாவில் ஆற்றங்கரையே சாலை, கரையை ஒட்டியே வீடு, அதை ஒட்டி வயல். பாலம் ஏறினால் கரைச்சாலை இரண்டும் அதோடு வந்து சேர ஏற வேண்டும், வீட்டு வாசல் பள்ளத்துக்குப் போகும். நிலம் எடுக்கும் வேலையிலேயே ஆண்டுகள் ஓடும். தேசிய நீர்வழித் தடத்தில் அந்த உயரம் வைத்தே ஆக வேண்டும். ஃபைபர் படகு மட்டும் போகும் கிளையாற்றில் அதைக் கேட்டு, எதுவும் கிடைக்காமல் போவதை நான் விரும்ப மாட்டேன்.

இப்போது வேறு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊருக்கு நீங்களே அளந்துகொள்ள வேண்டும். கம்பத்தை மடக்கி, வலை ஏற்றிய படகில் ஓட்டுகிறவர் இன்ஜின் பக்கம் நிற்கும்போது தண்ணீரிலிருந்து ஆக உயர்ந்தது 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலையாட்டத்துக்கும் கைதவறலுக்கும் 0.5 சேர்த்தால் 2.4 மீட்டர். இதை உச்ச வெள்ளமட்டத்திலிருந்து கேட்க வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தில் யாரும் தொழிலுக்குப் போகப் போவதில்லை. ஐப்பசி அமாவாசையில், தொழிலுக்குப் போகக்கூடிய நாளில், தண்ணீர் ஏறும் மட்டத்திலிருந்து கேட்டால் போதும். உச்ச வெள்ளம் அந்த மட்டத்தைவிட 0.8 மீட்டர் மேலே என்றால், அட்டவணை தரும் 0.9-ஐயும் சேர்த்து 1.7 மீட்டர் ஏற்கெனவே கிடைக்கிறது. குறைவது 0.7 மீட்டர் மட்டும். அணுகுசாலையில் பக்கத்துக்கு 21 மீட்டர். யார் வீடும் போகாமல் முடியக்கூடிய காரியம்.

எங்கள் பக்கத்துப் பாலங்கள் பலவற்றில் கேட்க வேண்டியது இந்த அளவு உயரம்தான் என்பது என் நம்பிக்கை. பெரிய கோரிக்கையாக வைத்துக் கைவிடப்படுவதைவிட, அளந்த சின்ன எண்ணாக வைத்தால் பொறியாளரே அதை வரைபடத்தில் சேர்த்துக் கொடுப்பார். பாலம் முழுவதையும் ஒரே மட்டத்தில் உயர்த்தவும் தேவையில்லை. நடுக்கண் உச்சியாக, இரண்டு பக்கமும் மெல்லச் சரிந்து இறங்கும் வளைவாக அமைத்தால் உயரம் படகு போகும் இடத்தில் மட்டும் கிடைக்கும்.

அகலத்தில் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கவனிக்காமல் ஏமாந்துவிடக் கூடாது. பழைய பாலங்களில் குறுகலான கண்கள் பல இருக்கும். இரண்டு படகு எதிரெதிரே போக முடியாது. அதனால் "தூணைக் குறைத்து அகலமான கண் வையுங்கள்" என்று ஊர் கேட்கும். கேட்க வேண்டியதுதான். ஆனால் கண் அகன்றால் அதைத் தாங்கும் கர்டரும் கனமாகும். 10 மீட்டர் கண்ணுக்கு முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் கனமுள்ள ஸ்லாப் போதும். 20 மீட்டருக்குப் போனால் கர்டரும் தளமும் சேர்ந்து ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். சாலை மட்டம் மாறாமல் கண் மட்டும் அகன்றால், மேலே கேட்டு வாங்கிய 0.7 மீட்டரைக் கர்டரே சாப்பிட்டுவிடும். வில்போன்ற வளைவு மேலே நிற்க, தளம் அதிலிருந்து தொங்கும் பாலத்தில் அடியில் கனம் குறைவு. ஆனால் செலவு கூடும், தொங்கு கம்பிகளை உப்பிலிருந்து காக்க வேண்டும். ஃபைபர் படகு ஆற்றுக்கு நடுவில் 12 மீட்டர் அளவுக்கு ஒரு கண், மற்றவை சிறியவை என்பதே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. மனுவில் அகலத்தையும் அடிமட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், ஒன்றை வாங்கி மற்றதை இழக்காமல் இருக்க.

எப்போது, எப்படிக் கேட்பது

பாலத்தின் பொது அமைப்பு வரைபடம் ஒப்புதல் ஆகும் முன்பு கேட்க வேண்டும். டெண்டர் விட்டபின் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நின்றால் அனுதாபம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. பல கிராமப் பாலங்களுக்கு நபார்டு கடனில் பணம் வருகிறது. மதிப்பீடு ஒருமுறை போய்விட்டால் மாற்றுவது எளிதில்லை.

மனுவோடு வைக்க வேண்டியவை: எத்தனை படகு உள்ளே கட்டுகிறது, ஆக உயர்ந்த படகின் உயரம், ஐப்பசி ஏற்றக் கோட்டின் படம் தேதியோடு. அந்தக் கோட்டை அருகிலுள்ள நிலையான மட்டக்குறியோடு ஒப்பிட்டுக் கடல்மட்டக் கணக்கில் எழுதித் தரும்படி பொறியாளரிடமே கேளுங்கள். நாம் அடிக்கணக்கில் பேசுகிறோம், வரைபடம் மீட்டரில் இருக்கிறது. கோடு ஒன்று இருந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பேசுகிறோம் என்பது உறுதியாகும். நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுப்பதன் நகலை மீன்வளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுக்க வேண்டும். குடிநீர்க் குழாயைப் புதுப் பாலத்தில் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கவிடக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிற்பாடு வேறு துறை வந்து தொங்கவிட்டுவிட்டுப் போகும்.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றியும் முன்பே பேசிவிட வேண்டும். தூண் போட ஆற்றின் குறுக்கே மண் அணை போடுவார்கள். ஒரு பக்கம் படகு போக வழி விட்டு, பாதிப் பாதியாக அணை போடும்படி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதில் ஃபைபர் படகு ஓடும் என்பதால் அந்த 61 நாளும் ஆறு சும்மா கிடக்கும் என்று ஒப்பந்தக்காரர் எண்ணிவிடக் கூடாது.

கடைசியாகப் பழைய பாலத்தின் அடித்தூண். மேலே தெரிவதை மட்டும் உடைத்துவிட்டுத் தண்ணீருக்குள் மொட்டையாக விட்டுப்போவது நடக்கிற வழக்கம். வற்றத்தில் தெரியும், ஏற்றத்தில் மறையும், இருட்டில் படகின் அடியைக் கிழிக்கும். ஆற்றுத் தரைமட்டத்துக்குக் கீழேவரை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இறுதி பில் போடும் முன் ஓர் அமாவாசை வற்றத்தில் ஊர்க்காரர் ஒருவரும் பொறியாளரும் ஒரே படகில் ஏறி, நடுக்கண்ணிலும் அதன் இரண்டு பக்கமும் நீண்ட கழியை விட்டுத் தரையைத் தட்டிப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.